சராசரியில் மறைந்துபோகும் நம் கழனி!

விதைக் கடையிலிருந்து வந்த துண்டுத்தாள் ஒன்று நம் மேசைமீது கிடக்கிறது. "ஏக்கருக்கு இத்தனை மூட்டை காணும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். காணட்டும், மகிழ்ச்சிதான்! ஆனால், எங்கே காணும்? எவருடைய கழனியில் காணும்? எத்தனை இடத்தில், எத்தனை பருவத்தில் நட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்? தோல் கழுவிய நீர் ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன பாலாற்றங்கரை மண்ணில் நட்டுப் பார்த்த கணக்கு அதிலே சேர்ந்திருக்கிறதா? துண்டுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பதில் இல்லை.

"விதைத் தேர்வு, புள்ளியியல், ஆய்வுத் திடல் இவையெல்லாம் படித்தவர்கள் பேச வேண்டிய பேச்சு. ஷூ கம்பெனிக்குப் போகிறவனுக்கும், டானரியில் தோல் புரட்டுகிறவனுக்கும் இதிலே என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் ஆம்பூர்ப் பக்கத்து வீடு ஒன்றைக் காட்டுவோம். அண்ணன் கழனியில் நிற்பான். தம்பி காலை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்பான். அண்ணன் விதைத்தது முளைக்காமற் போனால், தம்பியின் வாரக்கூலியில்தான் வட்டி கட்டியாக வேண்டும். தம்பியின் கம்பெனி மூன்று நாள் ஓடாவிட்டால், அண்ணன் வீட்டுப் பானையில்தான் இருவருக்கும் கஞ்சி. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இராணிப்பேட்டையிலும் இப்படி எத்தனை வீடுகள்! தொழிலாளி வேறு, உழவன் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

ஆகவே, கழனிக்கு எந்த விதை என்று முடிவு செய்யும் கணக்கு நம் கணக்கு. அதை நாம் அறிந்தாக வேண்டும். அறிந்து கேட்டாக வேண்டும்.

உப்பு எழுதிய வரலாறு

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பிலே ஓர் ஆய்வை எடுத்துக்காட்டிற்று. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவோ முழு அளவோ, சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என்பதே அந்த ஆய்வின் முடிவு. ஆய்ந்தவர்கள் வெளியார் அல்லர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தார்.

தீர்ப்பைத் தொடர்ந்து இழப்பீட்டுக்கென ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது 29,193 பேருக்கு ரூ.26 கோடியே 82 லட்சம் தரவேண்டும் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைக்கு 9,200 ரூபாயைக்கூட எட்டவில்லை. கிணறு போயிற்று, கழனி போயிற்று. கைக்கு வந்தது ஒரு காளை மாட்டின் விலை! அதுவும் தீர்ந்த பாடில்லை. 2025 சனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி, இதே இழப்பீட்டைப் பற்றி, மீண்டும் ஒரு தீர்ப்பை எழுத வேண்டியிருந்தது.

இதைச் சொல்வது, தோல் தொழிலைப் பழிப்பதற்கன்று. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பெண்கள் தம் காலில் நிற்க வழி செய்திருக்கிறது. தொழிலும் வேண்டும், கழனியும் வேண்டும் என்பதே நம் நிலை. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு கழுவிய நீரோடு வெளியேறுகிறது. மண்ணுக்குப் போன உப்பு மழை கழுவினாலன்றித் திரும்பிப் போவதில்லை.

உப்பு பயிரை எப்படித் தின்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள். மாஸ், ஹாஃப்மன் என்னும் இரு அறிஞர்கள் 1977-இல் பயிர்வாரியாக ஒரு பட்டியல் தந்தார்கள். நெல்லுக்கு அந்த அளவு 3 வரை பாதகமில்லை. அதைத் தாண்டி ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். அளவு 7 என்றால், பாதி விளைச்சல் போயிற்று என்று பொருள். மல்லாட்டைக்கோ 3.2-தான் எல்லை, அதற்குமேல் அலகு ஒன்றுக்கு 29 விழுக்காடு வீழ்ச்சி. அளவு 7 ஆனால் மல்லாட்டைக் கொல்லையில் மிஞ்சுவது செடியின் காம்புதான்!

இவை பயிருக்குப் பயிர் உள்ள வேறுபாடுகள். ஒரே நெல்லிலும் ரகத்துக்கு ரகம் வேறுபாடு உண்டு. ஒன்று உப்பைக் கண்டதும் கருகும், இன்னொன்று தாக்குப்பிடிக்கும். எது கருகும், எது தாக்குப்பிடிக்கும் என்று கண்டறிவதற்குத்தான் ஆய்வுத் திடல்.

ஒரே விதை, ஒரே நிலம், இரு மடங்கு வேறுபாடு!

"இதிலென்ன பெரிய வித்தை? இரண்டு விதையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, அறுத்து, நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். தெரியாது என்பதை மெய்ப்பித்தவர்கள் இங்கிலாந்தில், ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மெர்சர், ஹால் என்னும் இருவர். 1910-ஆம் ஆண்டு ஒரே ஏக்கரில், ஒரே கோதுமையை விதைத்தார்கள். ஒரே எரு, ஒரே உழவு. விளைந்ததை 500 துண்டுகளாகப் பிரித்து, துண்டு துண்டாக அறுத்து நிறுத்தார்கள். ஒரு துண்டில் 2.73 ராத்தல், இன்னொரு துண்டில் 5.16 ராத்தல்! விதை ஒன்றுதான், நிலமும் ஒன்றுதான்; ஆனாலும் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு. இப்போது சொல்லுங்கள்: ஒரு துண்டில் ஒரு ரகத்தையும், அடுத்த துண்டில் மற்றொன்றையும் நட்டு, "இதுதான் உயர்ந்தது" என்று ஒருவர் கை தட்டினால், உயர்ந்தது ரகமா, அந்தத் துண்டு நிலமா?

தோல் தொழிலாளித் தோழருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. அவர்தாம் நமக்கு விளக்க வேண்டும். முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் இழுபடும். ஒரு பக்குவத்தில் பதனிட்டதை முதுகிலிருந்தும், மற்றொரு பக்குவத்தில் பதனிட்டதை வயிற்றிலிருந்தும் வெட்டி எடுத்து, "பார், எது வலுவானது!" என்று முதலாளியிடம் ஒருவன் காட்டினால், அவனை அங்கேயே மடக்கிவிடுவார் நம் தோழர். நேர்மையான சோதனை எது? ஒரே தோலை முதுகெலும்பு வாக்கில் இரு பாதியாக அறுத்து, ஒரு பாதியை ஒரு பக்குவத்திலும் மறு பாதியை மறு பக்குவத்திலும் பதனிட்டு, இரண்டிலும் ஒரே இடத்தில் துண்டெடுத்துப் பார்ப்பது. மாடு ஒன்று, ஆகவே, வந்த வேறுபாடு பக்குவத்தின் வேறுபாடு.

காலணித் தோழருக்கும் ஓர் உவமை உண்டு. பாக்ஸ் என்ற புள்ளியியல் அறிஞரும் அவருடைய தோழர்கள் இருவரும் 1978-இல் வெளியிட்ட நூலில், இரண்டு வகை அடித்தோலைச் சோதிக்கப் பத்துச் சிறுவர்களைக் கொண்டு செய்யும் சோதனையை விளக்குகிறார்கள். ஐந்து பேருக்கு ஒரு வகை, ஐந்து பேருக்கு மறு வகை என்று கொடுக்கவில்லை. ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு காலில் ஒன்று, மறு காலில் மற்றொன்று! எந்தக் காலில் எது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். துள்ளி ஓடுகிற பையனும், நிழலில் உட்காருகிற பையனும் இருப்பார்கள். தேய்மானம் பையனுக்குப் பையன் வேறுபடும். ஆனால், ஒரே பையனின் இரண்டு கால்களும் ஒரே வழியில்தானே நடக்கின்றன!

வேளாண் ஆய்வுத் திடலின் அடிப்படை அவ்வளவுதான். நிலத்தைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களையும் நடு. எது எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். இதையே பல முறை, பல தொகுதிகளில் செய். 1919-இல் ராதம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்த ஃபிஷர் என்ற மேதை இதை முறைப்படுத்திக் கொடுத்தார். அவருக்கும் முன்னே, டப்ளின் நகரில் மதுபான ஆலை ஒன்றில் வேலை பார்த்த காசெட் என்பவர், சிறு எண்ணிக்கைச் சோதனைகளிலிருந்து எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம் என்ற கணக்கை 1908-இல் தந்தார். ஆலை விதியின் காரணமாகத் தம் பெயரைப் போட முடியாமல், "மாணவன்" என்ற புனைபெயரில் எழுதினார். உலகமெங்கும் இன்று கல்லூரிகளில் கற்பிக்கும் கணக்கு, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவர் பெயர் மறைத்து எழுதிய கணக்கு!

இந்தியாவும் இதில் பின்தங்கிவிடவில்லை. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். பான்சே, சுகாத்மே இருவரும் வேளாண் பணியாளர்களுக்கென எழுதிய புள்ளியியல் நூலை 1954-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. அறிவுக்குப் பஞ்சமில்லை. பின் எதற்குப் பஞ்சம்?

சராசரி என்னும் போர்வை

கணக்குக்காக ஒன்று சொல்வோம். இரண்டு நெல் ரகங்கள். ஐந்து ஊர்களில் நட்டுப் பார்க்கிறார்கள். முதல் ரகம் நான்கு ஊர்களில் ஹெக்டேருக்கு 6 டன். ஐந்தாவது ஊர் உப்பு மண், அங்கே 1 டன். கூட்டி வகுத்தால் சராசரி 5 டன். இரண்டாவது ரகம் நான்கு ஊர்களில் 5 டன். உப்பு மண்ணில் மூன்றரை டன். சராசரி 4.7 டன். எது வென்றது? சராசரியைப் பார்த்தால் முதல் ரகம்! வெற்றி மாலை அதற்கே, துண்டுத்தாள் அதற்கே, மானியமும் அதற்கே. ஐந்தாவது ஊர்க்காரன் அதை வாங்கி நடுகிறான். மூன்றரை டன் எடுக்க வேண்டியவன் ஒரு டன் எடுக்கிறான். சராசரியில் 300 கிலோ வென்றோம் என்று அறிக்கை பேசும். ஐந்தாவது ஊரில் 2,500 கிலோ இழந்ததை எந்த அறிக்கை பேசும்?

அந்த ஐந்தாவது ஊர்தான், தோழர்களே, நம் ஊர்!

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரு பாத்தியில் கண்ட விளைச்சலைப் புள்ளியியலார் பங்கு பங்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ரகத்தின் பங்கு எவ்வளவு? நிலத்தின் பங்கு எவ்வளவு? பருவத்தின் பங்கு எவ்வளவு? இந்த ரகம் இந்த நிலத்தோடு ஒத்துப்போகிற, அல்லது ஒத்துப்போகாத பங்கு எவ்வளவு? மிச்சம், தற்செயலின் பங்கு எவ்வளவு? இப்படிப் பிரித்துப் பார்க்கும் கணக்குக்குத்தான் புள்ளியியல் மாதிரி என்று பெயர். சராசரி என்ற போர்வையை விலக்கி உள்ளே படுத்திருப்பது யார் என்று பார்க்கிற வேலை அது.

1963-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஃபின்லே, வில்கின்சன் என்னும் இருவர் 277 பார்லி ரகங்களை எடுத்துக்கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். நல்ல நிலத்தில் துள்ளி, கெட்ட நிலத்தில் துவளும் ரகம் எது. நல்ல நிலத்தில் அடக்கமாக இருந்து, கெட்ட நிலத்திலும் கைவிடாத ரகம் எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்கள். செல்வத்தில் சிரித்துக்கொண்டு வந்து, வறுமையில் விலகிப்போகும் உறவினரையும், கஞ்சியானாலும் கூட இருந்து குடிக்கும் உறவினரையும் நாம் பிரித்தறிவதில்லையா? அதே அறிவுதான், எண்ணிலே எழுதியிருக்கிறார்கள்.

தள்ளிவைக்கப்படும் திடல்

இதைவிடக் கூர்மையாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உப்பு மண்ணின் குணம் என்ன? ஒரே கழனியில் வாய்க்கால் ஓரம் வெள்ளை பூத்துக் கிடக்கும். பத்தடி தள்ளிப் பயிர் நிற்கும். மேட்டில் ஒரு மாதிரி, பள்ளத்தில் ஒரு மாதிரி. ஆய்வு நடத்தினால் பாத்திக்குப் பாத்தி எண்கள் தாறுமாறாக வரும். அப்படி வேறுபாடு அளவுக்கு மீறிப் போனால், "இந்தத் திடலின் கணக்கு நம்பத்தக்கதன்று" என்று அதைக் கூட்டுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது உலகின் பல ஆய்வு அமைப்புகளில் வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. ஒழுங்காக நடத்தாத திடலின் எண்கள் மற்றவற்றைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

ஆனால் விளைவைப் பாருங்கள்! எந்த மண்ணுக்கு ஆய்வு மிகமிக வேண்டுமோ, அந்த மண்ணே, அதன் குறையைக் காரணம் காட்டியே, கணக்கிலிருந்து வெளியே போகிறது. நோயாளிக்குக் காய்ச்சல் அதிகம் என்பதற்காக மருத்துவமனைக் கதவைச் சாத்துவதுபோல் அல்லவா இருக்கிறது இது?

இதற்கும் கணக்கு முறை இருக்கிறது. தள்ளிவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாத்தியிலும் விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் உப்பை அளந்து, அந்த அளவையும் மாதிரிக்குள் சேர்த்துக் கணக்கிடலாம். பக்கத்துப் பாத்திகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உறுதி குறைந்த திடலின் எண்ணுக்குக் குறைந்த எடையும், உறுதியான திடலின் எண்ணுக்கு நிறைந்த எடையும் கொடுக்கலாம். பேட்டர்சன், தாம்சன் என்னும் இருவர் 1971-இல் வகுத்துத் தந்த முறை இன்று சாதாரணக் கணினியில் ஓடுகிறது. ஆகவே, "முடியாது" என்று எவரும் சொல்ல முடியாது. "செய்யவில்லை" என்றுதான் சொல்ல முடியும்.

இந்த முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதை நம் ஷூ கம்பெனித் தோழர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தையல் வரிசையில் ஒருவர் ஒருநாள், இயந்திரமும் ஒத்துழைத்து, நூலும் அறாமல், உடம்பும் நன்றாயிருந்து, மற்றெல்லா நாளையும்விட அதிக ஜோடி தைத்துவிடுகிறார். மேஸ்திரி அதை எழுதிக்கொண்டு, "நாளையிலிருந்து எல்லோருக்கும் இதுதான் இலக்கு" என்கிறார். நியாயமா? அந்த ஒருநாள் எண்ணில் திறமையும் உண்டு, தற்செயலும் உண்டு என்பது நமக்குத் தெரியாதா? ஒரு பருவத்தில், ஒரு திடலில் முதலிடம் பெற்ற ரகமும் அப்படித்தான். அந்த முதலிடத்தில் ஒரு பகுதி அதன் குணம். ஒரு பகுதி அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். நல்ல கணக்கு அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும். மோசமான கணக்கு அதிர்ஷ்டத்தையும் சேர்த்து விதைப் பையில் அடைத்து விற்கும்.

இருப்பதையும் சொல்வோம்

குறை மட்டும் கூறுவது நம் வழக்கமன்று. தமிழ்நாட்டில் ஒரு ரகம் வெளிவருமுன் ஆராய்ச்சி நிலையங்களில் பல இட ஆய்வும், பிறகு வேளாண்மைத் துறையோடு சேர்ந்து உழவர் நிலங்களிலேயே ஆய்வும் நடக்கின்றன. அகில இந்திய அளவில் நெல்லுக்கென ஒருங்கிணைந்த திட்டம் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1965-இல் தொடங்கியது. களர் நிலத்துக்கென்றே திருச்சி வேளாண் கல்லூரி, "திருச்சி 1", "திருச்சி 3" என்ற நெல் ரகங்களைத் தந்தது. கர்னாலில் உப்பு மண்ணுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றையெல்லாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், களர் வேறு, உவர் வேறு, தோல் கழிவு ஊறிய மண் வேறு. நம் மண்ணில் உப்போடு சோடியமும், கந்தகத்தின் உப்பும், பல இடங்களில் குரோமியமும் சேர்ந்து கிடக்கின்றன. திருச்சிக் களரில் வென்றது ஆம்பூர் மண்ணிலும் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். நட்டுப் பார்த்தாலன்றி எவரும் சொல்ல முடியாது.

நட்டுப் பார்க்க இடமில்லையா? வேலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், விரிஞ்சிபுரத்தில், பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. இந்த மாவட்டம் ஆய்வுக்குப் புதியதும் அன்று. பசுமைப் புரட்சி எவருக்கு என்ன செய்தது என்று அறிய, ஃபார்மர் என்பவர் தலைமையில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். 1977-இல் நூல் வெளியிட்டார்கள். ஹேசல், இராமசாமி இருவரும் அதே வட்டாரத்தை மீண்டும் ஆராய்ந்து 1991-இல் நூல் வெளியிட்டார்கள். உலகமே வந்து அளந்த மண்ணை, உள்ளூரில் அளக்கத் தயக்கம் ஏன்?

நம் உழவனுக்குத் தேர்வு செய்யத் தெரியாது என்று எவரும் எண்ண வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காய் எந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தது? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆண்டுதோறும் நல்ல செடியைப் பார்த்து, நல்ல காயைப் பழுக்கவிட்டு, சாம்பலில் புரட்டி, விதை எடுத்து வைத்ததில் பிறந்தது. கண்ணால் செய்த தேர்வை எண்ணால் உறுதி செய்வதுதான் புள்ளியியல். இரண்டும் கைகோத்தால் நன்மை.

இரண்டு மறுப்புகள்

"உப்பைத் தாங்கும் விதை வந்துவிட்டால், உப்புநீரை விடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம் ஆகிவிடாதா? விதைதான் தாங்குகிறதே, இன்னும் கொஞ்சம் விடுவோம் என்று சொல்லமாட்டார்களா?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. நம் பதில் இது: குடை பிடிப்பதால் கூரையைப் பிரித்துவிடச் சம்மதித்ததாக ஆகாது. கழிவுநீரைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற சட்டத்தில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது. விதை, ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் உப்புக்கு மருந்து. இனி விடப்போகும் உப்புக்கு அனுமதிச் சீட்டு அன்று. இன்னும் சொல்லப்போனால், பாத்திக்குப் பாத்தி உப்பை அளந்து வெளியிடும் ஆய்வுத் திடல், எந்த ஆண்டு உப்பு ஏறியது, எந்த ஆண்டு இறங்கியது என்பதற்குச் சாட்சியும் ஆகும். சாட்சி இருக்கும் இடத்தில் களவு குறையும்!

மற்றொரு தோழர் சொன்னார்: "புள்ளிவிவரம் என்றாலே எங்களுக்குப் பயம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பின்னால் நின்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கணக்கு எப்போதும் எங்களுக்கு எதிராகத்தான் வந்திருக்கிறது." உண்மைதான். ஆனால் அது கணக்கின் குற்றமா, கணக்கைப் பூட்டி வைத்திருப்பவரின் குற்றமா? தராசு எவன் கையில் இருக்கிறதோ, அவன் பக்கம் சாயும் என்றால், தராசை உடைப்பதா நம் வேலை? நாலு பேர் பார்க்கும்படி நடுச்சந்தையில் தூக்கிப் பிடிக்கச் சொல்வதல்லவா நம் வேலை!

நாம் கேட்பது என்ன?

ஒன்று: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய வட்டாரங்களில், தோல் கழிவால் கெட்ட நிலத்திலேயே, நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் தீவனப் பயிருக்கும் நிலையான ஆய்வுத் திடல்கள் வேண்டும். ஒரு பருவம் போதாது. குறைந்தது மூன்று ஆண்டு. நிலம் தரும் உழவனுக்கு, விளையாவிட்டாலும், இழப்பு ஈடுசெய்யப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு ரகத்துக்கும் மாநிலச் சராசரியோடு நிறுத்தாமல், இடம்வாரியாக, மண்ணின் உப்பு அளவுவாரியாக எண்களைத் தமிழில் வெளியிட வேண்டும். "இத்தனை மூட்டை காணும்" என்பது போதாது. "ஏறினால் இவ்வளவு, இறங்கினால் இவ்வளவு" என்றும் அச்சிட வேண்டும். கணக்கிலிருந்து நீக்கிய திடல்கள் எவை, ஏன் நீக்கினார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மூன்று: உப்பு அளவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு முறையில் முடிவு செய்து, நம் வட்டாரத்துக்கெனத் தனிப் பரிந்துரை தர வேண்டும். மாநிலத்தில் முதலிடம் பெறாத ரகமாயினும், நம் மண்ணில் நிற்குமானால், அதன் விதை நம் ஊர்க் கிடங்குக்கு வர வேண்டும்.

நான்கு: விளைந்த அரிசியில் குரோமியம் போன்ற உலோகம் ஏறியிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். மூட்டை கண்டால் மட்டும் போதாது. உண்பவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வைக்கோலை மாடு தின்கிறதா, சோறு வாய்க்கு ருசிக்கிறதா என்று நடவு நடுகிற, கதிர் அறுக்கிற, உலை வைக்கிற பெண்களைக் கேட்டு எழுத வேண்டும்.

நாம் செய்வது என்ன?

கேட்பதோடு நின்றுவிட்டால் நாம் தொண்டர்கள் அல்லர், மனு எழுதுகிறவர்கள்! ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் ஊரில் இரண்டு உழவர்களை அணுகலாம். ஒரே கழனியில் இரண்டு ரகத்தை, அடுத்தடுத்த பாத்தியாக, ஆறு ஜோடி நடச் சொல்லலாம். எந்தப் பாத்தியில் எது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். நல்ல பாத்தியை வேண்டிய ரகத்துக்குக் கொடுக்கும் கை நம் எல்லோருக்கும் உண்டு, அந்தக் கையைக் கட்டத்தான் நாணயம். அறுவடையின்போது ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, தனியாக அடித்து, தூற்றி, நிறுத்து, நோட்டில் எழுதட்டும். பொய்த்த பாத்தியை மறைக்க வேண்டாம், அதையும் எழுதுங்கள். ஒருபிடி மண்ணைப் பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த நோட்டுகளைக் கூட்டிக் கணக்கிட்டுத் தரட்டும். கட்டணம் கட்டிப் படித்தது எதற்கு?

ஓர் ஊரின் நோட்டைக் காட்டினால், "இது தற்செயல்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஐம்பது ஊர்களின் நோட்டை ஒரே நாளில் மேசைமீது வைத்தால், தற்செயல் என்று சொல்ல வாய் வராது. ஒருவன் சொன்னால் குறை. ஊர் சொன்னால் கோரிக்கை. ஐம்பது ஊர் எண்ணோடு சொன்னால் அது ஆதாரம்!

35,000 ஹெக்டேர் என்று நீதிமன்றத் தீர்ப்பில் ஒரே எண்ணாக எழுதிய நிலம், அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொருவனின் கழனி. ஒவ்வொருவன் வீட்டுச் சோறு. அந்த நிலத்தைச் சராசரிக்குள் போட்டு மூடிவிட எவரையும் அனுமதியோம். நம் மண்ணின் எண் தனியாக வேண்டும், தமிழில் வேண்டும், விதைப்புக்கு முன்பே வேண்டும்.

அடுத்த பருவத்து நாற்றங்கால் போடும் முன், தோழர்களே, முதல் நோட்டை வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்கள்.